வென்று வந்தவன்

இடது கண் மூடமாட்டேன் என்று நின்றது. பெற்றவள் சித்தி நபீஸா இரண்டு விரலால் இமையை இழுத்துவிடுவாள். கையை எடுத்ததும் அது மெல்ல ஏறி அரைக்கண்ணில் நிற்கும்.

"மூடு வாப்பா. உம்மா கேக்கன், மூடு."

மகனோடு பேசிக்கொண்டே ஈரப்பஞ்சு எடுக்கத் திரும்பினாள். அந்த நேரத்தில், பாயின் மறுபக்கம் இருந்த நிஸ்மியா குனிந்து புருஷனின் கண்ணுக்குள் பார்த்தாள். வலது கண்ணில் கருமணி மிளகளவு. இடது கண்ணில் அது விரிந்து கண்ணையே நிரப்பிக் கிடந்தது. கொழும்பு டொக்டர் டோர்ச் அடித்துக் காட்டிச் சொல்லியிருந்தார், ஒரு கண் மட்டும் இப்படி விரிந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசிகிறது என்று.

மாமி இமையை அமர்த்திப் பஞ்சை வைத்தாள். கண் மூடியது.

"இனித் தாடையக் கட்டுவம். சீலய எடு புள்ள."

தாடையும் நேராக வரவில்லை. அது வராது. டுபாயில் பட்டம் வென்ற குத்துச்சண்டையில் நாலாம் சுற்றில் உடைந்த தாடை. உடைந்ததை யாருக்கும் காட்டாமல் கடைசிச் சுற்று வரை வாயை இறுக்கிக்கொண்டு அடித்தவன் நஸீர். நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்தபோது சிரிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்த ஊர்ச்சனம், பெடியனுக்குப் பெருமை வந்துட்டு, சிரிக்கவும் மாட்டானாம் என்றது. அதற்குப் பிறகு ரெண்டு மாதம் குழாயில் கஞ்சி குடித்தான்.

வெளியே மாவு அரித்தாற்போல் ஆம்பிளைகளின் பேச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. குழி வெட்ட ஆள் போயாயிற்று. நண்பகல் ளுஹர் தொழுகையோடு எடுத்துவிடலாம் என்றார்கள். விடியற்காலை சுபஹுக்கு எழும்பிய நிஸ்மியா, குளியலறை வாசலில் விழுந்து கிடந்தவனைக் கண்டு சத்தம் போட்டாள். ஓட்டோ வந்து நிற்கும்போது அவன் உடம்பில் சூடு மட்டும்தான் மிச்சம்.

நஸீர் சண்டைக்கென்று பிறந்தவன் இல்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவன். விடியமுன் படகுகள் வெளிக்கிடும். அதற்குள் ஐஸ்கட்டிகளைக் கொக்கியால் இழுத்து, மரச்சம்மட்டியால் அடித்துத் தூளாக்கிப் பெட்டி நிரப்ப வேண்டும். கை விறைத்து, தோல் வெடித்து, உப்புத் தண்ணி பட்டால் தீயாய் எரியும். ஒரு நாள் படகுக்காரன் ஒருவன் தாயைச் சொல்லி ஏசினான். நஸீர் ஒரே ஒரு அடிதான் அடித்தான். மீன் எடுக்க லொறியோடு வந்திருந்த ஹமீட் ஹாஜியார், விழுந்தவனைப் பார்க்கவில்லை. அடித்தவன் காலை எப்படி ஊன்றி நின்றான் என்றுதான் பார்த்தார். அவர் இளமையில் கொழும்பில் கையுறை போட்டவர்.

"இது ஐஸ் உடைக்கிற கையில்லடா" என்றார்.

அவர்தான் கொழும்புக்குக் கூட்டிப் போனார், பிறகு டுபாய்க்கு. அங்கே பகலில் கொள்கலனில் மூட்டை இறக்கினான், இரவில் பயிற்சி எடுத்தான். முதலில் வெள்ளிக்கிழமைகளில் கூலியாட்களுக்கு முன்னால் சண்டை. அப்புறம் குளிரூட்டிய மண்டபம், விளக்கு, இடுப்பில் சம்பியன் பட்டி. பட்டியோடு சொந்த ஊரான ஏறாவூருக்கு வந்தபோது லொறியில் ஏற்றி ஊரைச் சுற்றினார்கள். அந்தப் பட்டத்தை இரண்டு தரம் காத்தான். மூன்றாம் தரம் வயதில் குறைந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் அவனை விழுத்தினான். விழுந்தவன் எழும்பினான்தான். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் கை நடுங்கத் தொடங்கியது. ஸ்கேன் பார்த்த டொக்டர் இனித் தலையில் ஒரு அடி விழக்கூடாது என்று எழுதினார். லைசன்ஸ் போயிற்று.

மாப்பிள்ளை பெண் வீட்டில் இருக்கிற ஊர் அது. இந்த வீடும் நிஸ்மியாவின் வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. சம்பியன் இருக்கும்போது அது சம்பியன் வீடு. பட்டம் போனதும் பெண்டாட்டி வீடு.

"ஊட்டோட கிடக்கிற மாப்பிள்ளையெண்டு சந்தியில சொல்றானுகள் நிஸ்மியா. இன்னும் ஒரு சண்ட. அதோட சரி."

அந்த ஒன்று போன வெள்ளிக்கிழமை நடந்தது. வெளியூரில் ஒரு கலியாண மண்டபம், லைசன்ஸ் கேட்காத சண்டை. ஹமீட் ஹாஜியார்தான் கூட்டிப் போனார். நஸீர் வென்றுவிட்டுத்தான் வந்தான்.

வந்த நாளிலிருந்து தலைக்குத்து, தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான். தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். நிஸ்மியாவை யாரோ அக்கா என்று நினைத்து ராத்தா என்று கூப்பிட்டான். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று அவள் காலைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், ஹாஜியார் மாட்டிக்கொள்வார் என்றான். பிறகு சிரித்தான். "வெண்டவனுக்கு என்ன வருத்தம்?"

சித்தி நபீஸாவுக்கு மகன் கண்ணூறு பட்டுக் கிடக்கிறான் என்றுதான் தெரியும். ஓதின தண்ணி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

றிப்ஷான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று தொண்டையைச் செருமினான். நஸீரின் தம்பி. இருபத்திரண்டு வயது, காக்கா என்று அவன் கூப்பிடும் அண்ணனின் அச்சு. மூக்கு மட்டும் இப்போதே ஒரு பக்கம் வளைந்திருந்தது.

"மதினி, மரண விசாரண அதிகாரி வாறாராம். ஊட்டுல மௌத்தான மையத்து, அவர் எழுதித் தந்தாத்தான் அடக்கலாம்."

"எழுதட்டும்."

"உங்களிட்டயும் ஒரு சொல்லுக் கேப்பாராம். நீங்கதானே கிட்ட இருந்த. நெடுநாளா வலிப்பு எண்டு சொல்லிருங்க. வெளியில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லியிரிக்கம்."

"ஆரு சொல்லச் சொன்ன?"

அவன் வாயைத் திறக்குமுன் சித்தி நபீஸா பேசினாள். "ஆரு சொன்னா என்ன? அடிபட்டதெண்டு வாயத் திறந்தா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் கீறுவானுகள். மண்டய அறுப்பானுகள்கா. மையத்தின்ட எலும்ப முறிச்சா உசிரோட முறிச்ச மாதிரி. நான் பெத்த உடம்பு, முழுசாப் போகணும்."

உயிரோடு முறித்தவற்றை நிஸ்மியா ஒவ்வொன்றாக அறிவாள். தாடை. இரண்டு விலா. வலதுகைப் பெருவிரல். ஐஸ் கட்டி வைத்து ஒத்தடம் கொடுத்த கை அவளுடையது. ஆனாலும் மண்டை என்ற சொல் அவளுக்குள் போய்க் குத்தியது. அவனுடைய தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்திருக்கிறாள்.

"சொல்றன் மாமி" என்றாள்.

குளிப்பாட்டுகிற தண்ணி கொதித்துவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குள் போனாள். அங்கே பக்கத்து வீட்டு கைறுன்னிஸா அந்தத் தண்ணியில் போட இலந்தை இலையை உருவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா புள்ள முற்றத்த? எத்தின தொப்பி. குத்துச்சண்ட ஹறாமெண்டு பேசின ஆக்கள்தான் அண்டைக்கு லொறியில முன்னுக்கு ஏறி இருந்த. இண்டைக்கும் முன்னுக்குத்தான் நிக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஹாஜியார் மட்டும் உண்மையா அழுறார். பாவம் மனிசன், மையத்துக்குச் சுத்துற கபன் சீலயும் அவர்தான் எடுத்துத் தந்த."

உண்மைதான், அவர் அழுதுகொண்டிருந்தார். தண்ணி காய்ச்சும் அடுப்பு குசினி யன்னலுக்கு வெளியேதான் இருந்தது. ஹாஜியார் றிப்ஷானின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"எனக்கு ஆம்பிளப் புள்ள இல்லடா. அவன்தான் என்ட மகன். இனி நீதான்."

"ஓம் ஹாஜியார்."

"அவன் உட்ட இடத்துல நீ நிக்கணும். பெருநாள் முடியட்டும், டுபாய்க்குப் போவம். அங்க வாக்குக் குடுத்திட்டன். நஸீர்ட தம்பியெண்டா மண்டபம் நிறையும்."

"ஓம் ஹாஜியார்."

"காக்காட பேர மண்ணாக்கிப் போடாத."

றிப்ஷான் தலையாட்டினான். முகத்தைக் குனித்து நாடியை நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தான், அடி படாமல் ஒளித்து வைக்கிறவன் மாதிரி. நஸீரும் அப்படித்தான் நிற்பான், கடைக்குப் பாண் வாங்கப் போனாலும். நிஸ்மியா யன்னல் கம்பியை விட்டாள். அடுப்பில் தண்ணி தளதளத்தது. அவள் அதைப் பார்க்க வந்ததை மறந்து திரும்பி நடந்தாள்.

விசாரணை அதிகாரி அடுத்த ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மையத்தைப் பார்த்தார், போர்வையை விலக்கிக் கையைக் காலைப் பார்த்தார், திரும்ப மூடினார். பிறகு வீட்டு முன்மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். திரைக்கு உள்ளே நிஸ்மியா. அவளுக்குப் பக்கத்தில் சித்தி நபீஸா. மாமி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நெல் குத்திய கை, பிடித்தால் பிடிதான்.

"மகள், இந்த நேரத்துல கேக்கிறனெண்டு கோவிக்கக் கூடா. இது என்ட கடம."

"கேளுங்க சேர்."

"கணவருக்கு வலிப்பு இருந்ததாச் சொல்றாங்க. எவ்வளவு காலமா?"

திரையின் துணி ஒரு தரம் உள்ளே வந்து வெளியே போனது. மணிக்கட்டில் பிடி இறுகியது. அது மிரட்டல் இல்லை, கெஞ்சல் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் கஷ்டம். ஒரு சொல்லு. ஓம் என்றால் போதும். ளுஹருக்குள் கழுவி, வெள்ளை உடுத்தி, முழுசாகப் போவான். இந்தக் கையும் விடும். இந்த மாமி சாகுமட்டும் அவளுக்குத் தாயாக இருப்பாள். பெருநாள் முடியும். ஒருவன் நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு விமானம் ஏறுவான்.

"மகள்?"

"வலிப்பு இல்ல சேர்."

பின்வளவில் யாரோ வாளியை வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்லயா? எல்லாரும் இரிக்கி எண்டாங்களே."

"நான்தானே சேர் அவரோட படுத்து எழும்பின. வலிப்பு இல்ல. போன வெள்ளிக்கிழம சண்டைக்குப் போனவர். தலயில அடி. வந்த நாள்ல இருந்து தலக்குத்தும் சத்தியும். இனிச் சண்ட போடக் கூடாதெண்டு டொக்டர் சொன்ன ஆள்."

"ஆரு கூட்டிட்டுப் போன?"

"அந்தா நிக்கிற ஹமீட் ஹாஜியார்."

ஹாஜியாரின் குரல் உடைந்து வந்தது. "புள்ள துக்கத்துல பேசுது சேர். நான் அவனத் தூக்கி வளத்தவன். கேளுங்க இஞ்ச நிக்கிற ஆக்கள."

"துக்கத்துல பேசினாலும் என்ட காதுல விழுந்திட்டு ஹாஜியார்." கதிரை நகர்ந்தது. "மட்டக்களப்புக்கு அனுப்பத்தான் வேணும். பொலிசுக்கும் நான் சொல்லோணும்."

அதன் பிறகு எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். பொம்பிள வாய் என்றான் ஒருவன். குழி வெட்டினவங்களுக்கு ஆர் சொல்ற என்றான் இன்னொருவன். உள்ளே சித்தி நபீஸா மணிக்கட்டை விட்டுவிட்டாள். பிடித்திருந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது.

"என்ட புள்ளய வெட்டக் குடுத்திட்ட."

நிஸ்மியா முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடினாள்.

"நாளைக்கு மறுமையில மஹ்ஷர்ல வந்து உன்னக் கேப்பான்கா அவன்."

"கேக்கட்டும் மாமி. எனக்கும் அவரிட்டக் கேக்க இரிக்கி."

மாமி எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வளவுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கைறுன்னிஸா அவளுக்குப் பின்னால் ஓடினாள்.

சின்னப் பட்டா லொறி ஒன்று வந்தது. பாயோடு தூக்கினார்கள். நிஸ்மியா அறை யன்னலின் சீலையை ஒரு விரலால் விலக்கினாள். புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் வெளியே பார்க்கலாமா என்று யாரும் கேட்க அங்கே இல்லை.

ஹாஜியார் தன் வேனின் முன்கதவைத் திறந்து பிடித்திருந்தார். தாடி இன்னும் ஈரம்.

"றிப்ஷான், வா. நாம முன்னால போய் டொக்டரோட பேசுவம். வந்து ஏறு."

றிப்ஷான் வேனுக்கும் லொறிக்கும் நடுவில் நின்றான். அவன் முகம் வீட்டுப் பக்கம் திரும்பியது. யன்னலைக் கண்டானோ என்னவோ. அவளைச் சபிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வளைந்த மூக்கிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மனே, நேரம் போகுது."

அவன் லொறியின் பின்தட்டில் காலை வைத்து ஏறினான். ஹாஜியார் கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

குழாய் புதைக்கத் தோண்டி மூடாமல் விட்ட ஒழுங்கை அது. லொறி முதல் பள்ளத்தில் இறங்கி ஒருபக்கம் சாய்ந்தது. றிப்ஷான் காலை அகட்டித் தட்டில் உட்கார்ந்து, விரித்த இரண்டு உள்ளங்கைகளையும் காக்காவின் தலைக்குக் கீழே கொடுத்தான். அடுத்த பள்ளம் வந்தது. அவன் முழங்கைகள் இரும்பில் இடிபட்டன. லொறி சந்தியில் திரும்பும்வரை அவன் கைகளை எடுக்கவில்லை.