சுவரைப் பார்த்த துடுப்புகள்

செவ்வாய்க்கிழமை ஆர்லின் தோர்சன் சொன்னது வடிகட்டின பொய். "ஏலமா? அந்த முகாம் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று போனில் அடித்துச் சொன்னார். சனிக்கிழமை காலையில் மனைவி வெர்னாவோடு அதே முகாமின் வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை சுத்தியாச்சு. நிறுத்தப் போறியா, இல்ல ஏலம் முடியிற வரைக்கும் ஊர்வலம் போகப் போறியா?" என்றாள் வெர்னா.

"நிழல் தேடுறேன்."

"வெயிலுக்கு ஏங்குற விஸ்கான்சின்ல ஜூன் மாசத்துல நிழல் தேடுற ஒரே ஆளு நீதான். இறங்கு."

விற்பனைக்கு வந்திருந்தது வடநட்சத்திரச் சிறுவர் சங்கத்தின் ஏரிக்கரை முகாம். பையன்களுக்கு நீச்சலும் நேர்மையும் கற்றுக் கொடுப்பதாகக் காலமெல்லாம் பீற்றிக்கொண்ட சங்கம் அது. அந்தப் பையன்கள் தலை நரைத்தபின் ஒவ்வொருவராக நீதிமன்றத்துக்குப் போய், எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களே எங்களைக் கெடுத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்று பத்தாகி, பத்து நூறானதும் சங்கம் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுக் கையை விரித்தது. இப்போது கூடாரத்திலிருந்து குழம்புக் கரண்டி வரைக்கும் ஏலம். வருகிற பணம் வழக்குப் போட்டவர்களுக்கான நிதிக்குப் போகும்.

வழக்குப் போட்டவர்களில் ஆர்லினும் ஒருவர். பதினோரு வயதில் முகாமின் மருந்து அறையில், எல்லோரும் கேப்டன் என்று கும்பிட்ட மனிதரிடம் மாட்டியவர். வெர்னாவிடமே இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வாய் திறந்தார். அவள் அன்றைக்கு அழுதாள், கேப்டனின் ஏழு தலைமுறையையும் திட்டினாள், பிறகு வக்கீலுக்குப் போன் போட்டாள்.

அதன்பின் செவ்வாய்க்கிழமைதோறும் போனில் ஒரு கூட்டம். அவரைப் போன்றவர்கள் முகம் பார்க்காமல் பேசிக்கொள்வார்கள். சொந்தப் பெயர் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல்கள் சொன்னதால், ஆளுக்கொரு ஏரி மீனின் பெயர். ஆர்லின் எடுத்துக்கொண்டது உள்ளங்கையில் அடங்கும் பெர்ச் மீனின் பெயர். ஏரியிலேயே பெரிய மீனான மஸ்கியின் பெயரை ஒருவர் முதல் நாளே முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். மஸ்கிக்கும் பெர்ச்சுக்கும் வாராவாரம் வாய்ச்சண்டை நடக்கும். மஸ்கி சிரித்தால் கோழி கொக்கரிப்பதுபோல் தொடங்கி விசிலில் முடியும். அதைக் கேட்கவே பாதிப் பேர் போனில் வருவார்கள். ஆர்லின் பேசும்போது மட்டும் கூட்டம் அடங்கிவிடும், ஏனென்றால் அவர் ஒவ்வொரு முறையும் முடிப்பது ஒரே வரியில்தான்: "நான் அப்பவே வளர்ந்த பையன். அவனை ஒரு அடியாவது அடிச்சிருக்கணும்."

இன்றைக்கு அவர் வந்தது ஒரு துடுப்புக்காக. முகாமில் முதல் வாரமே ஒவ்வொரு பையனும் தன் மோவாய் உயரத்துக்கு அளவெடுத்துத் துடுப்பு செதுக்கி, சூட்டுக்கோலால் அதில் பெயர் பொறிக்க வேண்டும். பெயர் தெரியும்படி அது சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும். பாதியில் வீட்டுக்குப் போகிறவனுடைய துடுப்பைக் கேப்டனே எழுந்துபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டுவார், மற்றப் பையன்கள் மேசையைத் தட்டுவார்கள். ஆர்லினைப் பாதியில் கூட்டிப்போக வந்த அப்பா பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தத் தட்டல் ஜன்னல் வழியாகக் கேட்டது. "என்னடா சத்தம்?" என்று அப்பா கேட்டார். "தெரியலப்பா" என்றார் ஆர்லின். அன்றைக்குத் திரும்பிய துடுப்பு இன்னும் திரும்பியே தொங்குகிறது என்ற நினைப்பு ஐம்பது வருஷமாக அவரை விடவில்லை. ஒரு மரத்துண்டுக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்கட்டும், அவர்கள் துடுப்பை யாரும் திருப்பி மாட்டியதில்லை.

புல்வெளியில் திருவிழாக் கூட்டம். தேவாலயப் பெண்கள் சாசேஜ் சுட்டு, ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏலம் கேட்பவர்கள் எண் எழுதிய அட்டையைத் தூக்கினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஏலக்காரர் லெராய் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். முகாமின் மணி விலை போனது, படகுகள் போயின. பெயர் தெரியத் தொங்கிய துடுப்புகளை ஒரு மதுக்கடைக்காரர் அலங்காரத்துக்கு மொத்தமாக வாங்கினார்.

"அடுத்தது, சுவரைப் பார்த்து மாட்டின துடுப்புங்க, ஒரே கட்டு" என்றார் லெராய். "அடுப்புக்கு ஆகும். சும்மா பத்து டாலர்?"

ஆர்லின் அட்டையைத் தூக்கினார்.

கூட்டத்தின் மறுகோடியில் இன்னொரு அட்டை உயர்ந்தது. பச்சைத் தொப்பி, சிவப்புப் பட்டை போட்ட கால்சட்டை, பீப்பாய் மாதிரி ஒரு கிழவர். ஆர்லின் மறுபடி தூக்கினார். பச்சைத் தொப்பியும் தூக்கியது. ஐம்பது, நூறு என்று ஏறியது.

"யாருடி அவன்? பழைய சாமான் வியாபாரியா?" பல்லைக் கடித்தார் ஆர்லின். "கொண்டுபோய்க் கக்கூஸ் சுவர்ல மாட்டுவான்."

"முந்நூறுக்கு மேல போகக் கூடாதுன்னு பேசிருக்கோம்" என்றாள் வெர்னா.

முந்நூறை அந்த ஆள் கேட்டுவிட்டான். ஆர்லின் கை மடியிலேயே கிடந்தது. வெர்னா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்க? தூக்குய்யா கைய!"

நானூறு. ஐந்நூறு. கூட்டமே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. லெராய்க்கே தாங்கவில்லை.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், இதெல்லாம் பாதியில ஓடிப்போன பயலுங்களோடது! கடைசி வரைக்கும் இருந்த நல்ல பயலுங்களோடத இதுல பாதி விலைக்குக் குடுத்தேனே!"

வெர்னா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இந்த இடத்தைவிட்டு ஓடினவனுக்குத்தான்யா மூளை இருந்துச்சு! நீ ஏலத்த மட்டும் போடு!"

புல்வெளி கப்சிப் ஆனது. அந்த அமைதியில் மறுகோடியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கோழியாகக் கொக்கரித்து, விசிலாக முடிந்தது.

ஆர்லினுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். "மஸ்கி!" என்று கத்தினார்.

பச்சைத் தொப்பி திகைத்து நின்றது. "...பெர்ச்சா?"

"தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்னு நான் சொன்னப்ப, நீ 'நானும்தான்'னியே! புளுகுமூட்டை!"

"நீ மட்டும் அரிச்சந்திரனா? நீ வர மாட்டேன்னு நம்பித்தானேய்யா நான் வந்தேன்! தெரிஞ்சவன் யாரும் பாக்க மாட்டான்னு!"

இரண்டு பேரும் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து கட்டிக்கொண்டார்கள். லெராய் அவர்களைப் பார்த்தார், துடுப்புக் கட்டைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"கடைசியாக் கேட்டது யாரு?" என்றார் மெல்ல.

"ரெண்டு பேரும்தான்" என்றாள் வெர்னா. "பாதிப் பாதி. அடியுங்க சுத்தியல."

மஸ்கியின் உண்மைப் பெயர் டுவைன் குபியாக். பால் பண்ணைக்காரர். "ஆக, நம்ம காசைப் போட்டு நாமளே விலையை ஏத்தி, அது நம்ம நிதிக்கே வரப் போகுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நடுவுல வக்கீலுக்குத்தான் லாபம்." மறுபடி கொக்கரித்தார்.

கட்டை ஏரிக்கரைப் புல்லில் போட்டு அவிழ்த்தார்கள். போட்டி போட்டு ஏலம் கேட்ட இரண்டு பேருக்கும் இப்போது கை வரவில்லை. ஒன்றைக்கூடத் திருப்பாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஆர்லின்தான் ஆரம்பித்தார். முதலாவது யாரோ எல்மர். அடுத்தது கிளைட். மூன்றாவதில் சூட்டுக்கோல் வழுக்கிய கோணல் எழுத்தில் ஆர்லின்.

அதை எடுத்துத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார். அவர் நினைவில் அது பெரிய துடுப்பு. ஆள் உயரத் துடுப்பு. இப்போது அதன் நுனி சட்டையின் மூன்றாவது பொத்தானோடு நின்றுவிட்டது. அங்கேதான் அந்தப் பையனின் மோவாய் இருந்தது. அதற்கு மேலே ஒரு முகம், அவ்வளவுதான்.

"வெர்னா" என்றார். "இங்க பாரு. இத்துனூண்டு இருந்திருக்கேன்."

வெர்னா துடுப்பின் நுனியில், ஒரு பிள்ளையின் தலையில் வைப்பதுபோல் கையை வைத்தாள். ஆர்லின் விம்மி அழுதார். பிறகு டுவைன் தன்னுடையதை ஊன்றிக் காட்டினார். அது அவர் இடுப்புப் பட்டைக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. அழுதுகொண்டிருந்த ஆர்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மஸ்கியாம் மஸ்கி! என்னைவிடக் குட்டி மீனு!"

"எனக்கு ஒம்பது வயசுய்யா அப்ப!"

"ஒம்பது வயசு" என்று ஆர்லின் திரும்பச் சொன்னார். சிரிப்பு நின்றது. "கேப்டன நீ அடிச்சிருக்கணும்னு யாராவது உன்கிட்ட சொன்னா, அவன் பல்லை உடைப்பேன்."

"அப்ப உன் பல்லை என்ன பண்றது, பெர்ச்? வாராவாரம் பதினோரு வயசுப் பையன அதையேதானே சொல்லித் திட்டிக்கிட்டிருக்க?"

ஆர்லின் துடுப்பின் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். மற்ற துடுப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, பெயர் வானத்தைப் பார்க்கும்படி புல்லில் பரப்பி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முதல் வேலையாக இந்தப் பெயர்களை வாசிப்பது என்று முடிவானது. எல்மரோ கிளைடோ போனில் இருந்தாலும் இருக்கலாம்.

"அப்புறம் நான் பேசுவேன்" என்றார் ஆர்லின். "இந்தத் தடவை அந்தக் கடைசி வரி கிடையாது."

வெர்னா காகிதத் தட்டுகளில் சூடான ருபார்ப் பலகாரத்தோடு வந்தாள்.

"மீனுங்களா, கரையேறுங்க" என்றாள். "ஆறிடப் போகுது."