குறை சொல்லாத தோல்

ஆம்பூரில் தோல் விற்கும் குடும்பம் எங்களுடையது. தோலில் இருக்கும் குறையை விற்பவன் வாய் திறந்து சொல்வதில்லை. வாங்குகிறவன்தான் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அது தொழில் முறை.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். பேரணாம்பட்டு அப்துல் வஹீத் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்திருந்தார். அவர் மகன் ஃபைஸானுக்கு என் கடைசி மகள் சஹரைப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் சவுரியம்மாள் வந்து, எந்த மருந்தாவது எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார்.

உண்டு. போன வருடம் ரத்தம் எடுக்குமுன் ஏதோ மருந்தால் துடைத்த இடம் தடித்துச் சிவந்து, முழங்கை வரை வீங்கியது. என் மனைவி அன்வரி பேகம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். நான் இருமினேன். பெண் கேட்டு வந்தவர் எதிரில் தோல் கோளாறைப் பேசுவதா?

“எங்க வம்சத்துலயே அதெல்லாம் கெடையாது சிஸ்டர்” என்றேன். வஹீத் மதிப்போடு தலையசைத்தார்.

ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றில் ஜில்லென்று எதையோ பூசினார்கள். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் அரித்தது. உதடு பன் போல உப்பியது. மூச்சு இழுத்துக்கொண்டது. தொடையில் ஊசி குத்தியது வரை தெரியும்.

கண் விழித்தபோது, அறுவை சிகிச்சை நடக்கவேயில்லை என்றார்கள். தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் எனக்கு ஆகாதாம். உயிரே போயிருக்கும், இதற்குமுன் எதுவும் வந்ததில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். வீங்கிய கையின் கதை முழுவதையும் அன்வரி பேகம் வஹீத் எதிரிலேயே ஒப்பித்தாள். என் இருமலைக்கூட விடவில்லை.

சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். வஹீத் எழுந்து வந்து, என் கையிலிருந்த தடிப்புகளை நிதானமாகத் தடவினார். கையைத் திருப்பி உள்பக்கமும் பார்த்தார்.

“சொல்லிருந்தா நான் இன்னா, பொண்ணு வாணாம்னா சொல்லப்போறேன்? நிக்காஹ் முடிவு பண்ணிக்கலாம் பாய். ஆனா இனிமே உங்க பக்கத்துல அன்வரி பாபி மட்டும் பேசட்டும். நீங்க பேசுனா எனக்கு நம்பிக்கை வராது.”

என் தங்கைகள் மூவரின் நிக்காஹையும் பேசி முடித்தவன் நான். அதைச் சொல்ல முயன்றேன். உதடு அசையவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இருவரும் என் கட்டிலுக்கு இருபக்கமும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். சஹர் குறட்டை விடுவாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள் அன்வரி பேகம்.