காயமில்லாத கால்

டாலஸ் பக்கத்திலுள்ள காப்பெலில் ஒரு கிளினிக்கில் ஆஸிபா பிசியோதெரபிஸ்டாக இருந்தாள். 1997 கோடையில் டாலஸில் அமெரிக்கக் கண்ட நாடுகளின் விளையாட்டுப் போட்டி நடந்தபோது, லீவு போட்டுவிட்டு வாலன்டியராகப் போனாள். கரீபியன் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டின் அணியோடு அவளைச் சேர்த்துவிட்டார்கள். அந்த அணிக்கு பிசியோ என்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தவன், அணித் தலைவராக வந்த அதிகாரியின் மச்சினன். அவனுக்கு ஒரு கட்டுப் போடக்கூடத் தெரியாது.

விளையாடுகிறவர்களைவிட அதிகாரிகள்தான் அதிகம். அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும் ஓட்டலில் தங்கினார்கள். விளையாட வந்தவர்களுக்கு ஏசி ஓடாத மாணவர் விடுதி. தொடக்க விழாவில் டிராக் சூட் போட்டுக்கொண்டு கொடிக்குப் பின்னால் நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பை முன்னால் போனது. எண்ணூறு மீட்டர் ஓட வந்த டெல்ஃபினுக்கு சூட் மிச்சமில்லை. அவள் விடுதியில் உட்கார்ந்து டிவியில் பார்த்தாள்.

டெல்ஃபினுக்கு ஊரில் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. வேலைக்குப் போகுமுன் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவள். அவ்வளவு பக்குவமாக வைத்திருந்த கால்களை ஆஸிபா அதுவரை தொட்டதில்லை.

ஓட்டத்துக்கு முந்தைய நாள், டெல்ஃபினின் பெயர் போட்டியில் இல்லை என்று தெரிந்தது. பெயர்களை உறுதிசெய்யும் கூட்டத்துக்கு அணித் தலைவர் போயிருக்க வேண்டும். அவர் மனைவியையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு அவுட்லெட் மாலுக்குப் போய்விட்டார். யாரும் வராததால் பெயரை அடித்துவிட்டார்கள். ஆஸிபா அலுவலகத்துக்கு ஓடி மன்றாடிப் பார்த்தாள். விதியை மாற்ற முடியாது, இது அவர்கள் நாட்டு விவகாரம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சாயங்காலம் தலைவர் விடுதிக்கு வந்தார். அக்குளில் புது ஷூ டப்பா. டெல்ஃபினுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது என்று ஊர் வானொலிக்குச் சொல்லியாகிவிட்டதாம். பத்திரிகை நிருபரும் படம் எடுக்க வருகிறாராம். வலது தொடையில் ஒரு கட்டுப் போட்டுவிடச் சொன்னார். யாராவது கேட்டால் ஆஸிபாவும் அப்படியே சொல்ல வேண்டுமாம். பல்லிடுக்கில் மாட்டிய பாப்கார்னை நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னார்.

ஆஸிபா கட்டுத் துணியைத் தன் பைக்குள் வைத்தாள். முடியாது என்றாள். தலைவர் சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டினார்.

கட்டிலில் இருந்த டெல்ஃபின் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"அந்தத் துணியக் குடுங்க மேடம், நானே கட்டிக்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில். "போன தடவை இடது கால்."

பழகிய கையாகச் சுற்றினாள். நிருபர் வந்ததும் நொண்டிக் காட்டினாள். அவனும் தலைவர் கூட்டிவந்த ஆள்தான். படம் எடுத்துவிட்டு அவரோடு சாப்பிடப் போனான். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று ஆஸிபா கேட்டாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறவரும் அவர்தான் என்றாள் டெல்ஃபின்.

வீட்டில் ஆஸிபா கணவன் ஆதிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்கும் கோபம் வந்தது.

"டிவி ஸ்டேஷனுக்குக் கால் பண்ணு. சொல்லிட வேண்டியதுதானே?"

"பண்ணலாங்க. ஆனா மாட்டப் போறது அவதான். அந்தாளு அடுத்த ஃப்ளைட்ல அவள ஏத்திவிட்டுட்டு மறுபடி ஷாப்பிங் போயிடுவான்."

தலைவர் தட்டிய தோளில் இன்னும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல இருந்தது. வாலன்டியர் சட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

அணி கிளம்பிய அன்று தலைவர் எல்லாரோடும் கை குலுக்கிக்கொண்டே வந்தார். ஆஸிபா கையை நீட்டவில்லை. அவர் அவளுடைய முக்காட்டைப் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். உங்கள் மத வழக்கத்தை மதிக்கிறேன் என்றார்.

"மதம் காரணமில்ல. நீங்கதான் காரணம்" என்றாள் ஆஸிபா.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு டெல்ஃபின் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேறொரு போட்டிக்கு வந்திருந்தாள். பெயர்களை உறுதிசெய்யும் கூட்டத்துக்குத் தானே போனதாகச் சொன்னாள். அதிகாரிகள் மட்டும்தான் என்று அவளை உள்ளே விடவில்லை. தன் பெயரை வாசிக்கும்வரை கதவை விட்டு நகரவில்லையாம். ஓடி ஆறாவதாக வந்தாள். அவள் நாட்டில் எந்தப் பெண்ணும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆஸிபாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

சில வாரங்களில் அவள் அனுப்பிய படம் தபாலில் வந்தது. வியர்வை வழிய டெல்ஃபின் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தலைவர், அவளைத் தானே வளர்த்ததுபோல, தோளில் கை போட்டு நின்றார். ஃப்ரிட்ஜில் ஒட்டலாம் என்று எடுத்துப்போன ஆஸிபா அங்கேயே நின்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அவரை வெட்டினாள். தோளிலிருந்த விரல்களை மட்டும் டெல்ஃபினை வெட்டாமல் எடுக்க முடியவில்லை.