தூங்கிப்போனவளின் கச்சேரிகள்

கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டால் அதற்குப் பெயர் தூக்கமா? அவளுடைய வீட்டுக்காரரைக் கேட்டால் ஆமாம் என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். நாலு பேர் கூடிவிட்டால் போதும், "நான் இவளக் கூட்டிட்டுப் போகாத கச்சேரி இல்ல, இவ தூங்காத கச்சேரியும் இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வாய் சிரிக்கும், வயிறு எரியும்.

யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது? கண்ணாடிக்கடையில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். அவளுக்கு உயிரான அந்தப் பாடகி பக்கத்து ஊரில் பாடினாலும் சரி, பஸ் மாறிப் போகிற ஊரில் பாடினாலும் சரி, லீவு கேட்டு, திட்டு வாங்கி, டிக்கெட் எடுத்து, "இருட்டுற நேரத்துல தனியா எதுக்கு?" என்று முனகுகிற மனிதரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். போய் உட்கார்ந்து இரண்டாவது பாட்டு தொடங்குவதற்குள் அவருக்குக் கால் அரிக்கும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவார். எல்லாம் முடிகிற நேரத்துக்கு வந்து நிற்பார். "பின்னாடி நின்னு பாத்தேன். அங்கிருந்துதான் எல்லாம் நல்லாத் தெரியுது" என்பார்.

அவள் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பாட்டு காதில் விழுந்த நொடியில் அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், கடைசிக் கைதட்டலுக்குத்தான் திறக்கும். அதனால் இத்தனை வருஷக் கச்சேரிகளும் அவளுக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எந்தப் பாட்டு எந்த ஊரில், எந்த வருஷத்தில், ஒன்றும் நிச்சயமில்லை. ஓர் அரங்கில் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. எங்கேயோ ஒருத்தருடைய கம்பளிச் சட்டை நனைந்த நாய் மாதிரி நாறியது. ஒரு பாட்டுக்கு முன்னால் பாடகி இழுத்த மூச்சு மைக்கில் கேட்டது. அவளுடையது என்று சொன்னால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் சொன்னது.

மழையில் கரன்ட் போன மைதானக் கச்சேரியையும் அப்படித்தான் வைத்திருந்தாள். மைக் செத்த பிறகும் பாடகி நிறுத்தாமல் பாடினார். அது அவள் காதால் கேட்டது. கூட்டத்தில் ஆளுக்கொரு டார்ச்சை எடுத்து மேடைப் பக்கம் பிடித்தார்கள், அந்த வெளிச்சத்தில் சாரல் மினுங்கியது. அது அவர் சொன்னது. இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டி ஒரே நினைவாக்கிக்கொண்டாள். கடையில் யாராவது முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டால், லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே அந்த வெளிச்சத்தைத்தான் எடுத்துப் பார்ப்பாள். கூட வேலை செய்கிற பெண்களுக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

இந்த வருஷம் பாடகி இனிப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். கடைசிக் கச்சேரிக்கு டிக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோனது. அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ரேடியோவில், மறக்க முடியாத கச்சேரி அனுபவம் சொல்கிறவருக்கு இரண்டு பாஸ் என்றார்கள். வீட்டுக்காரர் போனை எடுத்து அந்த டார்ச் கதையை அவிழ்த்துவிட்டார். "அத்தனை மழையிலயும் என் வீட்டுக்காரி பக்கத்துல குறட்டை விடுறாங்க!" என்று முடித்தார். ரேடியோப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பாஸ் கிடைத்தது.

மறுநாள் கடை முதலாளி, "ஏம்மா, லென்ஸ் மாட்டுறப்பவாவது முழிச்சிட்டு இருக்கியா?" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். போகட்டும், பாஸ் வந்ததே, கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாமே என்று அதையும் விழுங்கினாள்.

கச்சேரிக்கு முதல்நாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "நாளைக்கு எங்க மேனேஜர் கார்ல வந்து என்னைக் கூட்டிக்கிறேன்னுட்டார். இன்னொரு பாஸ் அவருக்குத்தான்."

"அப்ப எனக்கு?"

"உனக்கு எதுக்கும்மா? அங்க வந்து உக்காந்து தூங்குறதுக்கு, இங்கயே கால நீட்டித் தூங்கலாம்ல?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். இந்த மனிதரைக் கொன்றுவிட்டால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது. தோன்றியதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

மறுநாள் மாலை கார் ஹாரன் அடித்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜின் மேல் இருந்த இரண்டு பாஸையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு நேராகப் போய் மேனேஜர் காரில் ஏறினாள்.

"அவருக்கு வயிறு சரியில்ல சார். பாத்ரூமை விட்டு வர முடியல. நான்தான் வர்றேன்."

மேனேஜர் பாவம், என்ன சொல்வார்? வண்டியை எடுத்தார். அரங்கில் பாட்டு தொடங்கும்வரை போனை நோண்டினார். பிறகு ஒரு கால் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பவே இல்லை. ஆம்பளைகளுக்கெல்லாம் இந்தக் கால் அரிப்பு பொதுவான வியாதிபோல என்று நினைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள்.

பாடகியின் குரல் தளர்ந்திருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் ஏறப் பார்த்து, உடைந்து, கீழேயே நின்று அதே வரியை மறுபடி பாடினார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அவளுக்குக் கன்னமெல்லாம் நனைந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மேனேஜர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! வயிறு சரியில்லையாமே, வயிறு!" அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா குடும்பத்தோடு வந்தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "என்னடா, கடைசிக் கச்சேரிக்குப் பாஸ் அடிச்சியாமே, எப்படி இருந்துச்சு?" என்று தம்பியைக் கேட்டாள்.

அவள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். இப்போது என்ன சொல்வார் பார்ப்போம்.

அவருக்குக் கண்கூட இமைக்கவில்லை. "அத ஏன்க்கா கேக்குற! வெள்ளை வெளேர்னு உடுத்திட்டு வந்து நின்னாங்க. கடைசிப் பாட்டுல தாரை தாரையாக் கண்ணீர். முன்வரிசையில ஒரு பெரியவர், தள்ளாத வயசு, கம்பை ஊணி எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எந்திரிச்சிடுச்சு."

"நீங்க வரவே இல்லையே" என்றாள் அவள்.

"நீதான் தூங்கிட்டிருந்தியே, உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா சிரித்தாள். அக்காவின் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அண்ணி, அன்னிக்கு இவர் வீட்டுல குளிச்சிட்டிருந்தார். வயிறு சரியில்லன்னு மேனேஜர்கிட்டப் பொய் சொல்லிட்டு நான்தான் போனேன்."

"பாத்தியாக்கா? பொய் சொன்னேன்னு அவளே ஒத்துக்கிறா!"

மறுபடியும் ஒரே சிரிப்பு. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை மேஜையில் வைத்த வேகத்தில் டீ சிந்தியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே ஒன்று தெரிந்தது. அந்தப் பெரியவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊன்றிய கம்பு, நடுங்குகிற முழங்கால், கூப்பிய கை, எல்லாம் முன்வரிசையில் வந்து நின்றுவிட்டன. இந்த ஆள் வரவில்லை என்று இந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள். அவளுக்கே இப்படி என்றால்?

"அந்த மழைக் கச்சேரியில, கரன்ட் போனப்ப, எல்லாரும் டார்ச் அடிச்சாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அது நீங்க பாத்தீங்களா?"

அவர் டீயை எடுத்து ஊதினார். "எந்த மழை? ஓ, அதுவா! அந்த மழையில எவன் மைதானத்துல நிப்பான்? நான் பஸ் ஸ்டாண்டுல ஒதுங்கி நின்னேன். டார்ச் இருந்திருக்கும்மா. கரன்ட் போனா யாராவது அடிக்காமலா இருப்பாங்க?"

எத்தனை வருஷம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்! எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! அவர் அடுத்த மடக்கு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இருட்டு" என்றாள். "ஒரு வெளிச்சமும் இல்ல. இருட்டுல அந்தம்மா பாடினாங்க, நான் நனைஞ்சிட்டே கேட்டேன். நீ அங்க இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை நீ என்று சொன்னதே கிடையாது. அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எங்கயுமே நீ இல்ல" என்றாள் அவள்.