பின்வாசல் கேமரா

கருப்பன் தன் பெண்சாதி எல்லம்மாளின் பழைய புடவைகளைக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி, பின்வாசலில் மறைப்பு போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே டிரில்லிங் மிஷின் கர்ரென்று இரைந்தது. சிமெண்டுத் தூள் அவர் வழுக்கைத் தலையில் கொட்டியது.

"யார்ரா நீ? மேல இன்னா பண்ணிக்கினு கீற?"

"கேமரா மாட்றேன் பெரியவரே," என்றான் ஏணியில் நின்ற சின்னராசு. "கேட்டாண்ட ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, படிக்கட்டாண்ட ஒண்ணு. இது பின்வாசலுக்கு. சார் சுத்திக் காட்டி எடம் சொன்னாரு."

எல்லம்மாள் விடிகிற நேரத்தில் போனாள். ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். பெற்ற பிள்ளை வீட்டைச் சுற்றிக் காட்டி எடம் சொல்லியிருக்கிறான்.

மகன் சாம் வெளியே வந்தான். பேங்கு உத்தியோகம், கூடுவாஞ்சேரியில் இந்தச் சொந்த வீடு.

"கத்தாத நைனா. சாவு வூட்ல எவன் வரான் எவன் போறான்னு தெரியாது. போன மாசம் பக்கத்துத் தெருவுல பொணத்த எடுத்துக்கினு போன நேரம் பாத்து பீரோவ ஒடச்சிட்டாங்க. இவன் இன்னிக்கு வரேன்னு முன்னாடியே சொன்னவன். மாட்டிட்டுப் போவட்டும்."

"வரவன் யாரு? நம்ம சனம். வேடந்தாங்கலாண்டேருந்து வேன் புடிச்சி வந்து அழுதுகினு கீறாங்க. அவங்க மடியத்தான் நீ பாக்கப் போறியா?"

"நான் யாரையும் சொல்லல."

"சொல்லுவியா பின்ன?"

கருப்பன் இதை எல்லாம் பார்த்தவர்தான். களத்துமேட்டில் பண்ணைவீட்டுக் காரியக்காரன் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். பொழுது சாய்ந்து வீடு திரும்பும் பெண்கள் ஒவ்வொருத்தியும் அவன் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கல்யாணமான புதிதில் எல்லம்மாளும் உதறினாள். ஒரு நெல்மணி விழவில்லை. அன்றைக்கு அவள் அடுப்பே மூட்டவில்லை. அந்தப் பிழைப்பு பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் ஆஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தது. படித்தவன் வந்து முக்காலியைச் சுவரில் மாட்டுகிறான்.

"மாமா, வெந்நீ காஞ்சிட்ச்சி," என்று எல்லம்மாளின் தங்கை சந்திரம்மா வந்தாள். தாய்வீட்டுக் கோடிப்புடவை அவள் தோளில் கிடந்தது. "அக்காவ எடுத்தாந்து ஊத்திடலாம். மஞ்சா எங்க வெச்ச?"

தண்ணீர் ஓடிப்போக வழி இருந்தது அந்தப் பின்வாசல் ஒன்றில்தான். மஞ்சள் எடுக்கக் கருப்பன் உள்ளே போனார்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிணம் கிடக்கிற வீட்டில் எவன் டிவி போட்டது என்று திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். திரை நாலு கட்டமாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்டத்தில் அவர் கட்டிய மறைப்பு. பக்கவாட்டில் ஒரு ஈ நுழைய இடமில்லை. மேலே மூடி இல்லாத பெட்டி போலத் திறந்து கிடந்தது. உள்ளே பிணத்தைக் கிடத்துகிற பெஞ்சு. பெஞ்சைக் கழுவ சந்திரம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆம்பிளைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் சுத்தமா கீதுப்பா," என்றார் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன்.

"அணைடா அத," என்றார் கருப்பன்.

சாம் டிவியை நிறுத்தினான். "போதுமா?"

"டிவிய நிறுத்தினா ஒண்ணும் ஆவாது சார், கவலயே படாதீங்க," என்றான் மாட்டி முடித்து உள்ளே வந்திருந்த சின்னராசு. "பொட்டியில பதிஞ்சிகினுதான் இருக்கும்."

"எத்தினி நாளு இருக்கும்?" என்று கேட்டார் கருப்பன்.

"ஒரு மாசம் வரிக்கும் இருக்கும் பெரியவரே. அப்பால தானா அழிஞ்சிடும்."

கருப்பன் மகனைப் பார்த்தார். "ஒரு மாசம் உங்கம்மா அதுக்குள்ள துணியில்லாம கெடக்கட்டும். நீ பீரோவ பாத்துக்க."

கோதண்டராமன் செருப்பைத் தேடினார். சாம் குனிந்து டிவிக்குக் கீழே இருந்த பதிவுப் பெட்டியில் எதையோ அழுத்தினான்.

"நிறுத்திட்டேன் நைனா."

"லைட்டு எரியுதே."

"அது சும்மா, கரண்டு வர லைட்டு."

"நீ சொல்ற. எனக்கு இன்னா தெரியும்? காரியக்காரங்கூட கண்ண மூடிக்கினா மாதிரிதான் ஒக்காந்திருப்பான்."

மஞ்சளைச் சந்திரம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, மறைப்புக்கு வெளியே சாத்தியிருந்த ஏணியில் கருப்பன் ஏறினார். தோளில் கிடந்த துண்டை உருவிக் கேமராவின் மேல் போட்டுச் சுற்றினார். முடிச்சுப் போட இடமில்லை. கையாலேயே பிடித்துக்கொண்டார்.

அதற்குள் பெண்கள் எல்லம்மாளைத் தூக்கி வந்துவிட்டார்கள்.

"மாமா, ஆம்பள நீ அங்க நிக்கக் கூடாது. எறங்கு."

"நான் எங்க பாக்கறேன்? செவுத்தப் பாத்துக்கினு கீறேன். நீங்க ஊத்துங்க."

பிறகு முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தது. சீயக்காய் வாசனை மேலேறி வந்தது. "காலாண்ட நல்லா தேய்டி, அக்காவுக்கு வெடிப்பு," என்று சந்திரம்மா யாரிடமோ சொன்னாள்.

ஏணி ஒருதரம் ஆடியது. அப்புறம் ஆடவில்லை. கீழே யாரோ இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். கருப்பன் குனிந்து யாரென்று பார்க்கவில்லை.

துண்டுக்குள் கேமரா இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அவர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.