உப்புநீர் சொன்ன சாட்சி

வாருங்கள், இந்தப் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள்! சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைச் சுத்திகரிக்க மருத்துவமனைக்கு நீர் இறைக்கப்போகும் பம்புத் தண்டுகள் முப்பத்தொன்பது. துருப்பிடிக்காத எஃகு என்று மேலே ஒட்டியிருக்கிறார்கள். பொய்! நாற்பதாவது தண்டு உலைக்காரியின் மேசைமீது, உப்புநீரில் பழுப்பேறிக் கிடக்கிறது.

உலையின் வெற்றிடக் கலத்துக்குள் நைட்ரஜன் வாயுவை மின்சாரத்தால் ஒளிரச் செய்து, அந்த ஊதா ஒளியில் எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்குவது அவள் தொழில். நானூற்று இருபது டிகிரியில் இருபது மணி நேரம் பொறுத்தால் கடினமும் வரும், துருவும் அண்டாது. ஐந்நூற்று நாற்பதுக்கு ஏற்றினால் ஐந்தே மணி நேரத்தில் கடினம் வந்துவிடும். ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியத்தை நைட்ரஜன் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அவள் விடுப்பிலிருந்த அன்று, மேற்பார்வையாளனான அவள் அண்ணன் அவசரத்தில் அதைத்தான் செய்தான். திரும்பிவந்து வெப்பப் பதிவைக் கண்டவள், ஒரு தண்டை இரண்டு நாள் உப்புநீரில் போட்டுவைத்தாள்.

"அண்ணே, இதப் பாரு. காப்பித்தண்ணி மாதிரி ஆயிருச்சு."

"கடினம் கேட்டதுக்கு மேலயே வந்திருக்கும்மா. சான்றிதழ்ல கையெழுத்தப் போடு."

"உன் மண்டைகூடத்தான் கடினம். அதுக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா?"

பெட்டிக்கு ஆணியடித்துக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நீ என்னய்யா சிரிக்கிற? லாரி வாசல்ல நிக்குது! ஏம்மா, உப்புத்தண்ணியில போடச் சொல்லி யாராச்சும் கேட்டாங்களா? சான்றிதழ்ல அதுக்குக் கட்டமே இல்லையே!"

"இல்லேன்னா என்ன? நான் போட்டுக்கறேன்."

அளவுகோலை வைத்துக் கோடிழுத்தாள். 'வெப்பம்: ஐந்நூற்று நாற்பது. உப்புநீர்ச் சோதனை: இரண்டு நாளில் துரு' என்றெழுதிக் கையெழுத்திட்டாள். அண்ணன் கிழித்தெறிந்தான். அடுத்த தாளை எடுத்தாள். அதையும் கிழித்தான். மூன்றாவது தாளிலும் அதே கோடு, அதே எழுத்து.

"இந்தத் தண்டு இறைக்கிற தண்ணி ஒடம்புக்குள்ள போற ரத்தத்தத் தொடப்போகுதுண்ணே. எங்கிட்ட வேற கையெழுத்து இல்ல."

அவன் தண்டைத் தொட்டான். விரலில் துரு ஒட்டியது. வாசலை நோக்கிக் குரல் கொடுத்தான்.

"லாரியத் திருப்புங்கப்பா! நாப்பதும் கழிவு. புதுத் தண்டு எடுங்க."

"இருபது மணி நேரம் ஆகும்," என்றாள் அவள்.

"தெரியும்டி! போ, உலையப் பாரு."

ஒரு லாரி நின்றது. மற்ற லாரிகள்? மருத்துவமனை நடத்துவோரே, கருவி வாங்குவோரே! கடினத்தின் எண்ணை மட்டும் காட்டும் தாளைக் கையால் தொடாதீர்கள். எந்த வெப்பத்தில் செய்தீர்கள், உப்புநீரில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு பெட்டியையும் இறக்கவிடாதீர்கள்!