யோகநாதனின் தகரப்பெட்டி

ஞானேஸ்வரி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது யோகநாதன் முற்றத்திலிருந்து கூப்பிட்டான்.

"இஞ்சாரும், ஒருக்கா வாரும். இந்த நட்டைக் கழட்டும் பாப்பம்."

மாக் கையோடு போனாள். கைபிடித்து நடத்துகிற இரண்டு சில்லு உழவு மெசினின் அச்சுக்கு மேலே புதிதாக ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதன் மூடியை ஒரே ஒரு பெரிய நட்டு பிடித்திருந்தது. ஸ்பனரை மாட்டி, எல்லோரும் கழற்றுகிற மாதிரி இடப்பக்கம் திருப்பினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் திருப்பினாள்.

"உரல் உலக்கை பிடிக்கிற கைக்கு இவ்வளவுதானோ பலம்?"

"நீங்கள் இறுக்கி வைச்ச லட்சணம். விடுங்கோ, அடுப்பிலை தண்ணி கொதிக்குது."

அவன் சிரித்தான். அவளுடைய கைக்கு மேல் தன் கையை வைத்து ஸ்பனரை வலப்பக்கம் திருப்பினான். நட்டு சத்தமில்லாமல் சுழன்று வந்தது.

"எதிர்ப்புரி. சைக்கிளின்ரை இடப்பக்கப் பெடல் மாதிரி. வவுனியாவிலை இஸ்ஸதீன் நானாவின்ரை லேத்திலை குடுத்து வெட்டுவிச்சனான். கொம்பனிக்காரன் கழட்டுறன் எண்டு நினைச்சுக்கொண்டு இறுக்கட்டும்."

"என்ரை தம்பிக்காவது சொல்லி வையுங்கோவன்."

"தில்லையனுக்கோ? ஒரு முட்டி கள்ளு உள்ளை போனால் முரசுமோட்டை முழுக்க அறிஞ்சிடும். அறுவடை முடியட்டும். கொழும்புக்குப் போய் என்ரை பேரிலை பதிஞ்சுபோட்டு, நானே சந்தியிலை வைச்சுக் கழட்டிக் காட்டுறன். அதுவரைக்கும் உமக்கும் எனக்கும்தான்."

உள்ளங்கையை நீட்டினான். அவள் மாக் கையால் அதில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அவனுடைய கையில் வெள்ளையாக மா ஒட்டிக்கொண்டது. அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிட வந்தான்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அவன் மெசினுக்குப் பின்னால் ஒற்றைச் சில்லு வைத்து, இருந்துகொண்டு உழ ஒரு இருக்கை செய்திருந்தான். மெசின் விற்ற கொம்பனியிலிருந்து திருத்த வந்த ஆள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், நாடா வைத்து அளந்தான், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். அடுத்த போகத்துக்கு அதே இருக்கை கிளிநொச்சிக் கடைக் கண்ணாடிக்குள் சிவப்புப் பெயின்ற் அடித்து நின்றது. யோகநாதன் உள்ளே போய் அதைத் தடவிப் பார்த்தான். "ஐயா, சாமானிலை கை வைக்காதேங்கோ" என்று விற்பனைக்கு நின்ற பெடியன் சொன்னான். பிறகு அதில் எப்படி இருப்பது என்று அவனுக்கே விளங்கப்படுத்தினான். வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லி யோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். சாப்பிடாமல் படுத்தான்.

இந்த முறை செய்தது அதைவிடப் பெரிய காரியம். சேற்றில் இறங்குவதென்றால் எல்லோரும் ரப்பர்ச் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லுப் பூட்ட வேண்டும். தெருவுக்கு ஏறும்போது மறுபடி மாற்ற வேண்டும். யோகநாதன் ரப்பர்ச் சில்லின் பக்கத்திலேயே இரும்பு இதழ்களை வைத்தான். ஒரு தடியை இழுத்தால் இதழ்கள் விரிந்து சேற்றைக் கவ்வும்; தள்ளினால் மடங்கிவிடும். "எல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருக்கிறது பெட்டிக்குள்ளை இருக்கிற ஒரு ஊசிதான். அதை உருவினால் குடை மாதிரி மடங்கும்" என்று வயலில் பெருமையடித்தான். ஊசி எப்படி இருக்கும் என்பதை மட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை.

அது 1981ஆம் ஆண்டுச் சிறுபோகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடியது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு அவள் வரம்பில் நடந்து வந்தபோது, வாய்க்கால் பக்கம் பக்கத்து வயல் பொன்னையாவின் பெரிய ட்ராக்டர் நின்றது. சங்கிலி கிடந்தது. சனம் விலகி வழிவிட்டது.

இதழ்கள் வரம்பை அளவுக்கு மீறிக் கவ்விவிட்டன. மெசின் நிமிர்ந்து, பின்பக்கமாக மறிந்து, யோகநாதனை வாய்க்காலுக்குள் அமுக்கிவிட்டது. கைபிடி நெஞ்சில். கூட உழுதுகொண்டிருந்த தில்லைநாதன் பாய்ந்து போய் அவனுடைய தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, மண்கட்டி வைத்து முட்டுக்கொடுத்தான். மெசினைத் தூக்க முடியவில்லை, இதழ்கள் விடவில்லை. தடியும் வளைந்து போயிருந்தது. மிச்சமிருந்தது தகரப்பெட்டிக்குள் இருந்த ஊசிதான்.

தில்லைநாதன் அவளுடைய ஒரே தம்பி. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் பிள்ளையைப் போல் வளர்ந்தவன். சேறு வடிய அவளுடைய காலடியில் குந்தியிருந்து அழுதான். ஸ்பனர் வழுக்கி அவனுடைய உள்ளங்கை கிழிந்திருந்தது.

"அந்த ஒரு நட்டு கழரேல்லை, அக்கா. அத்தானுக்குச் சத்தம் வரேல்லை. கையை மட்டும் தூக்கிச் சுத்திச் சுத்திக் காட்டினார். திருப்பு, திருப்பு எண்டு அவசரப்படுத்துறார் எண்டு விளங்கிச்சுது. நான் திருப்பினனான். என்ரை பலம் எல்லாத்தையும் போட்டுத் திருப்பினனான், அக்கா. பொன்னையா அண்ணை ட்ராக்டரோடை வந்து சேர அத்தான் இல்லை..."

அவன் தன் கையைத் தூக்கி யோகநாதன் காட்டியதைச் செய்து காட்டினான். மணிக்கட்டு வலப்பக்கமாகச் சுழன்றது. ஒரே பக்கமாக, திரும்பத் திரும்ப.

ஞானேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாட்டுப் பெட்டி இன்னும் கையில் இருந்தது.

"நட்டு துருப்பிடிச்சிருக்கவேணும், என்ன அக்கா?"

"ஓம், தம்பி," என்றாள். "துருப்பிடிச்சுத்தான் இருந்தது."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில கிழமையில் கொம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார், மரியாதையாகக் கதைத்தார். மெசின் கொட்டிலில் நின்றது.

"அம்மா, முந்தி நடந்தது பிழைதான். இது நல்ல வேலை, ஆள் விழாமல் திருத்திச் செய்யலாம். அவரின்ரை பேரையே இதுக்கு வைப்பம். எழுத்திலை தாறம்."

தில்லைநாதனின் முகம் அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக வெளித்தது. "அக்கா, அத்தானின்ரை பேர் நிக்கும். அவர் ஆசைப்பட்டது அதுதானே?"

அதுதான். அவளுக்குத் தெரியாதா?

வந்தவர் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். "நட்டு புத்தம் புதுசாக் கிடக்கு. தம்பி, ஒரு ஸ்பனர் தாரும்."

தில்லைநாதன் ஸ்பனரை எடுத்து வந்தான். அவள் குறுக்கே போய் நட்டை உள்ளங்கையால் பொத்தினாள்.

"வேண்டாம். ஒருத்தருக்கும் காட்டக்கூடாது எண்டு சொன்னவர்."

"அம்மா, இப்ப அவர் இல்லை..."

"காட்டக்கூடாது எண்டவர். நான் கையடிச்சுச் சத்தியம் பண்ணினனான். போயிட்டு வாங்கோ."

வந்தவர் போய்விட்டார். தில்லைநாதன் ஒரு மாதம் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. "செத்த மனுசனின்ரை மூளையை அவா பூட்டி வைச்சிருக்கிறா" என்று கிணற்றடியில் பெண்கள் சொன்னது அவளுடைய காதுக்கும் வந்தது. கேட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினாள். யோகநாதனின் படத்துக்கு விளக்கு வைக்கும்போது மட்டும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருந்தது. "உங்கடை பேரை விட்டுக்குடுத்திட்டன், தம்பியை வைச்சிருக்கிறன்" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்.

தில்லைநாதன் பிறகு கள்ளைத் தொடவில்லை. கலியாணம் கட்டினான், மூத்தவனுக்கு யோகநாதன் என்று பெயர் வைத்தான். எண்பத்தேழில் சண்டை வந்து எல்லோரும் ஓடிப்போய்த் திரும்பியபோது வீட்டுக் கூரை இல்லை. கொட்டில் நின்றது, மெசினும் நின்றது. இரும்பாவது மிஞ்சட்டும் என்று தில்லைநாதன் அதற்கு எண்ணெய் பூசிவிட்டான். பூசும்போது பெட்டிப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் தனியாக இருந்த ஒருநாள் ஸ்பனரை நட்டில் மாட்டிப் பார்த்தாள். வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் போதும். மாட்டியபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு எடுத்துவிட்டாள்.

தில்லைநாதன் அன்றைக்கு இறுக்கிய இறுக்கத்திலேயே அந்த நட்டு இருக்கிறது.